மூன்று வருட டிகிரி போதாது என்று டிப்ளமோ விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் படித்து 2020-இல் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தேன். திருவள்ளுவர் பல்கலைக்கழகப் பட்டம். இப்போது புதுச்சேரியில் வேலை. அமெரிக்காவில் எம்ஐஎஸ், அதாவது மேலாண்மைத் தகவல் அமைப்புகளில் எம்.எஸ். படிக்க ஆசை. மூன்று வருட டிகிரி செல்லாது, ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறே மாதத்தில் ஒரு வருட பி.ஜி. டிப்ளமோ தருகிறோம் என்கிறது ஒரு கன்சல்டன்சி. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. ஒரு வருடப் படிப்பை ஆறு மாதத்தில் தருகிறவர் எதைத் தருகிறார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் பள்ளி 12, கல்லூரி 4, மொத்தம் 16 வருடம். மூன்று வருட டிகிரி படித்த நமக்கு 15. ஆனால் இதில் அங்கே நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் 15 வருடத்தை மறுக்கும். சில, வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோட்டுச் சொல்லும் வெஸ் (WES) போன்ற நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டுவிட்டு ஏற்கும். கல்லூரிக்கு நாக் (NAAC) என்ற தேசிய மதிப்பீட்டு அமைப்பு கொடுத்த தரம், நீங்கள் வாங்கிய வகுப்பு எல்லாம் அந்த மதிப்பீட்டில் எடைபோடப்படும். அதே மார்க் ஷீட் ஒரு வாசலில் செல்லும், அடுத்த வாசலில் செல்லாது. எத்தனையோ வருடமாக அங்கே இப்படியே ஓட்டுகிறார்கள்.

ஆறேழு பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, அட்மிஷன் அலுவலகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். மூன்று வருடப் பட்டம், கல்லூரியின் நாக் தரம், உங்கள் சதவீதம், இவ்வளவு போதும். பைசா செலவில்லை. கன்சல்டன்சிக்காரர் இதைச் சொல்ல மாட்டார். பல இடங்களில் உங்களிடமும் வாங்கி, சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகத்திடமும் கமிஷன் வாங்குகிறார்கள். கமிஷன் தராத பல்கலைக்கழகம் அவர் பட்டியலிலேயே இருக்காது.

படிக்காத படிப்புக்குச் சான்றிதழ் காட்டி, தூதரகத்தில் பிடிபட்டால் அமெரிக்கச் சட்டப்படி நிரந்தரத் தடை. வங்கி இருப்பைச் செட்டப் செய்து தருகிறோம் என்பவர்களிடம் போனாலும் இதே கதிதான். கன்சல்டன்சி போர்டை மாற்றிக்கொண்டு வேறு தெருவில் கடை போடும். நீங்கள் பாஸ்போர்ட்டை மாற்ற முடியாது.

முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ (GRE) தேர்வு சில இடங்களில் வேண்டாம், சில இடங்களில் கட்டாயம். எழுதினால் மதிப்பெண் 5 வருடம் செல்லும், ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் (IELTS) 2 வருடம்தான்.

பி.எஸ்சி.க்கு மேல் எம்.சி.ஏ. முடித்தவர்களுக்கு இந்த 16 வருடச் சிக்கல் பொதுவாக வருவதில்லை. ஆனால் அவர்கள் இரண்டு படிப்பின் மார்க் ஷீட்டையும் அனுப்ப வேண்டும். இளங்கலையில் அரியர் இருந்ததென்று அதை மறைத்துவிட்டு எம்.சி.ஏ.வை மட்டும் அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பு பாதியில் நின்றுவிடும். ஏற்கெனவே முதுகலை இருக்க இன்னொன்று எதற்கு என்று விசா நேர்காணலிலும் கேட்பார்கள். அந்தப் பதிலை எஸ்ஓபியிலேயே, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரையிலேயே, எழுதிவிட வேண்டும், சொந்த வார்த்தையில். உங்களுக்கு எம்.சி.ஏ. இல்லை, தம்பியோ தங்கையோ படித்துக்கொண்டிருந்தால் சொல்லி வையுங்கள்.

அப்புறம், டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பல்கலைக்கழகம் தரும் அதிகாரப்பூர்வ மதிப்பெண் பதிவு. கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் 2021-க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன. உங்கள் பட்டம் பழையது, அதனால் வேலூர் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்.