பிளேஸ்டேஷன் 4-இலிருந்து 5-க்கு மாறலாமா: பல்லடம் நண்பருக்குப் பதில்

வணக்கம். டிவியில் இணைத்து விளையாடும் கருவியான பிளேஸ்டேஷனில் 4-இலிருந்து 5-க்கு மாறலாமா என்று கேட்டு, வீட்டில் இருப்பது முழு எச்.டி. டிவிதான், விளையாட்டு திறக்கக் காத்திருப்பதுதான் சலிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தின் தெளிவில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். 1994-இல் முதல் பிளேஸ்டேஷன் முப்பரிமாண உருவங்களை வீட்டுக்குள் கொண்டுவந்தது போன்ற பாய்ச்சல் இனி வருமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் 2013-இல் வந்த 4-இன் சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 50 முதல் 100 மெகாபைட் வரை படித்த இடத்தில், 2020-இல் வந்த 5-இன் எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) 5.5 ஜிகாபைட் படிப்பதால், ஒரு தேநீரே குடித்துவிடக்கூடிய அந்தக் காத்திருப்பு, குறிப்பாக 5-க்கென்றே உருவாக்கிய விளையாட்டுகளில், சில நொடிகளாகச் சுருங்கிவிடும். பழைய டிஸ்குகள் கைவசம் இருப்பதாகச் சொல்வதால், கோவையில் வாங்கும்போது டிஸ்க் போடும் வசதியுள்ள வகையையே கேட்டு வாங்குங்கள். 4-இன் பெரும்பாலான விளையாட்டுகள் அதில் ஓடும்.