அந்தப் பழம்பொரி எதுக்கு வாங்குனீங்க?

கேள்வி: எனக்கு ஒரே பையன், ஒன்பது வயசு. மூணு வருஷமா ஸ்கூல்ல சாமான் எடுக்கான், சின்னப் பிள்ளைகளை அடிக்கான், வாயைத் தொறந்தா பொய். போன மாசம் பக்கத்து வீட்டு பூனைக்குட்டியை கிணத்துல போட்டுட்டான். கோவத்துல அடிச்சிருவேன், பெறவு மனசு கேக்காம பழம்பொரி வாங்கிக் குடுப்பேன். வளந்தா சரியாயிரும்னு மாமியார் சொல்றாங்க. அவங்கப்பா சவுதியில, அவர்ட்ட எதுவும் சொல்லல. இவன் ஜெயிலுக்குத்தான் போவானா?
- ஒரு அம்மா, கருங்கல்

பதில்: தங்கச்சி, ஜெயில் பெறவு, முதல்ல அந்தப் பழம்பொரி. போற போக்குல ஒரு வரி எழுதிட்டீங்க, ஆனா உங்க லெட்டர்ல விஷயமே அதுதான். அவன் தப்பு செய்யான், நீங்க அடிக்கீங்க, அவன் கத்தி ஊரைக் கூட்டுறான், உடனே உங்களுக்குப் பாவமாப் போயி கடைக்கு ஓடுறீங்க. இதுல அவன் என்னத்தப் படிச்சிருப்பான்? கை ஓங்குறவங்க ஜெயிப்பாங்க, அடி வாங்குனாலும் கடைசில தின்ன ஏதாவது கிடைக்கும். பூனைக்குட்டிக்கும் பழம்பொரிதானா? ஒரு நாள் முழுக்க யாரையும் அடிக்காம வந்தப்ப என்னைக்காவது வாங்கிக் குடுத்தீங்களா? இருக்காது. சும்மா இருக்க பிள்ளையை நம்ம வீடுகள்ல யாரு பாக்கா.

மாமியார் பேச்சு இவனுக்கு ஆகாது. நியூசிலாந்துல டுனெடின்ங்கிற ஊர்ல 1972-73ல பொறந்த ஆயிரத்துக்கு மேல பிள்ளைகளை பெரியாளான பெறவும் விடாம கவனிச்சுட்டு வாறாங்க, அதுல பதினஞ்சு வயசுல கூட்டாளியோட சேந்து சேட்டை தொடங்குனவங்க நிறைய பேரு வளர வளர விட்டுட்டாங்க, ஆனா சின்னதுலயே தொடங்கி நிக்காமப் போனவங்க கொஞ்சப்பேருதான், பெரியாளாகி அடிதடி கேசுன்னு அதிகமா மாட்டுனது அவங்கதான். பத்து வயசுக்கு முன்னாடி தொடங்குதான்னு டாக்டருங்க கேக்கது இதனாலதான். ஜெயிலுன்னு அவன் தலையில ஒண்ணும் எழுதி வைக்கல, ஆனா மூணு வருஷத்தை நீங்க சும்மா விட்டுட்டீங்க, அதை எப்படி நான் சொல்லாம இருக்க.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. நடத்தைக் கோளாறா, கூட ஏடிஹெச்டியும், அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்க கோளாறும் இருக்கா, இல்ல படிப்பு ஏறாத ஆத்திரமான்னு பாத்துச் சொல்லது அவங்க வேலை. ஊரு பைத்தியம்னு சொல்லும்னு பயந்துட்டு இருக்காதீங்க. இந்த வயசுல முக்கியமான வைத்தியமே அம்மா அப்பாவுக்குக் குடுக்க ட்ரெயினிங்தான், எதுக்குப் பாராட்டணும், எதைக் கண்டுக்காம விடணும், அடிக்காம எப்படித் தண்டிக்கணும்னு சொல்லித் தருவாங்க. ராத்திரி மனசு தாங்கலைன்னா கவர்மெண்டோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.

அவங்கப்பாட்ட மறைச்சது எனக்கு கொஞ்சமும் பிடிக்கல. பணம் அனுப்புனதோட அப்பன் கடமை தீந்துருமா? தூரத்துல இருக்க மனுஷன் மனசு நோகக்கூடாதுன்னு நீங்க நெனைக்கீங்க, எனக்குப் புரியுது, ஆனா பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே. வெள்ளிக்கிழமை லீவுல கூப்பிடுவாருல்ல, பையன் தூங்குன பெறவு பேசுங்க. பூனைக்குட்டியில இருந்து தொடங்குங்க, பழம்பொரியையும் விடாதீங்க.