கான்ட்ராக்டர் எக்ஸ்ட்ரா கேக்காரு, குடுக்கணுமா?

கேள்வி: சார், தக்கலை பக்கம் வீடு கட்டுகோம். சதுர அடிக்கு 2,300 ரூவா, 1,800 சதுர அடின்னு ஒரு பக்க பேப்பர்ல எழுதுனதுதான். வீட்டுக்காரரு மஸ்கட்ல, சைட்ட பாக்கது எனக்க அண்ணன். இப்ப ரூஃப் காங்கிரீட் முடிஞ்சதும், அஸ்திவாரம் ஆழம் கூடிட்டு, கார் போர்ச் எக்ஸ்ட்ரா, நாலரை லட்சம் தந்தாத்தான் பூச்சு வேல தொடங்குவேன்னு நிக்காரு. குடுக்கணுமா?

பதில்: மொத்தத்தையும் குடுக்கவும் வேண்டாம், ஒண்ணும் தரமாட்டேன்னு சொல்லவும் முடியாது தங்கச்சி. ஒவ்வொண்ணா பிரிச்சு பாக்கணும். போர்ச் பிளான்ல இல்லாம உங்க அண்ணன் "போடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லி போட்டதுன்னா அதுக்கு நியாயமான ரேட் குடுத்துதான் ஆகணும், ஓசிக்கு செய்யாத வேலையோட பலன அனுபவிச்சா ஈடு குடுக்கணும்னு 1872 ஒப்பந்தச் சட்டம் 70ஆம் பிரிவே சொல்லுது. ஆனா அந்த போர்ச்ச ஏற்கனவே 1,800 சதுர அடிக்குள்ள சேத்துட்டாரான்னு முதல்ல பாருங்க, சேத்துட்டு தனியாவும் கேட்டா அது ரெண்டு தடவ வாங்குறது. அஸ்திவாரம் வேற கதை. டிராயிங்ல 4 அடி இருந்து மண்ணு சரியில்லாம 6 அடி தோண்டிருந்தா அந்த 2 அடிக்கு மட்டும் அவர் கேக்கலாம், டிராயிங்ல ஆழமே போடாம "அஸ்திவாரம் உட்பட"ன்னு எழுதிருந்தா உங்க பக்கம் பலம் ஜாஸ்தி.

பூச்சு தொடங்குறதுக்கு முன்னாடி வெளி இன்ஜினியர் ஒருத்தர கூட்டிட்டு வந்து, கான்ட்ராக்டரையும் உங்க அண்ணனையும் நிக்க வச்சு டேப் பிடிச்சு அளந்து, மூணு பேரும் கையெழுத்து போடுங்க. அஸ்திவாரம் மண்ணுக்குள்ள போயாச்சு, அதனால வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுனப்ப எடுத்த போட்டோவையும் கல்லு, கம்பி பில்லையும் அவர்கிட்டயே கேளுங்க. வாட்ஸ்அப் வாய்ஸ் எதையும் அழிச்சிராதீங்க. அது கோர்ட்ல நிக்கணும்னா 2023 சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவு சான்றிதழோட குடுக்கணும். கோவத்துல அவரோட சென்ட்ரிங் பலகைய பூட்டி வைக்கிற வேலைக்கு மட்டும் போகாதீங்க, போலீஸ் கம்ப்ளைன்ட் உங்க மேல திரும்பிரும்.

மிச்ச வேலைக்கு இன்னைக்கே ஒரு பேப்பர் எழுதுங்க. நம்ம மாவட்டத்துல நான் பாக்குற வீட்டு கேஸ்ல பாதி இங்கதான் தொடங்குது, வீட்டுக்காரர் வெளிநாட்டுல, மச்சினன் ஒண்ணு சொல்றாரு, மாமனார் ஒண்ணு சொல்றாரு, கான்ட்ராக்டர் எல்லாத்தையும் செஞ்சிட்டு கடைசில மொத்தமா பில் நீட்டுறாரு. எக்ஸ்ட்ராவுக்கு சம்மதம் சொல்ற ஆள் யாருன்னு ஒரே ஒரு பேர எழுதுங்க. தொகை எழுதி அந்த ஆள் ஓகே போடாம தொடங்குன எக்ஸ்ட்ராவுக்கு பணம் இல்லன்னும் எழுதுங்க. அப்புறம் சன்ஷேட், மாடிப்படிக்கு மேல கட்டுற ரூம் இதெல்லாம் சதுர அடி கணக்குல முழுசா பாதியா, மழையால நின்ன நாளுக்கு எவ்வளவு டைம் கூட குடுக்கணும், இதையும் விடாதீங்க, இங்க ஆனி ஆடிலயும் மழை ஐப்பசிலயும் மழை. கடைசி பேமென்ட்ல கொஞ்சம் பிடிச்சு வச்சு ஒரு மழைக்காலம் போய் ஒழுகலன்னா தர்றதா பேசுங்க.

பேசி முடியலன்னா நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம். வீடு கட்டித் தர்றதும் சேவைதான், குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையமே எடுக்கும், உங்களோடது 41,40,000. பிரச்சனை வந்த நாள்ல இருந்து 2 வருசம்தான் டைம். அவருக்கு வேலை முடிச்சதுக்கு பணம் கேட்டு சிவில் கோர்ட் போக 3 வருசம் இருக்கு, அதனால அளந்து கையெழுத்து போட்ட அந்த பேப்பர பத்திரமா வைங்க.