கர்ப்பிணிக்குக் காணொளி ஆலோசனை மட்டும் போதுமா?

கேள்வி: அஞ்செட்டி அருகே மலைக்கிராமத்தில் வசிக்கிறோம். என் மனைவிக்கு இது 7ஆம் மாதம், முதல் பிரசவம். 110/70 என்றிருந்த இரத்த அழுத்தம் சென்ற மாதம் 130/86 ஆக இருந்தது. தேன்கனிக்கோட்டைக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போய்விடுகிறது. இனி கைப்பேசிக் காணொளியிலேயே மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாமா?

பதில்: காணொளி ஆலோசனை உங்கள் மனைவிக்கு நிச்சயம் பயன்படும். ஆனால் வீட்டிலிருந்து நீங்கள் இருவர் மட்டும் பேசுவதைவிட, துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் உடனிருக்கும்போது பேசுவதே சரியானது. திரையில் மருத்துவரால் முகத்தைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் முடியுமே தவிர, இரத்த அழுத்தத்தையோ, கருப்பையின் வளர்ச்சியையோ, குழந்தையின் இதயத்துடிப்பையோ அறிய முடியாது. அவற்றைச் செவிலியர் அளந்து சொன்னால்தான் மருத்துவரால் முடிவெடுக்க இயலும். அரசின் இலவச இ-சஞ்சீவனி சேவையில் வீட்டிலிருந்தே பேசும் வழியும், சுகாதாரப் பணியாளர் மூலம் மருத்துவருடன் இணையும் வழியும் உள்ளன. உங்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ளச் செய்தது அந்த 130/86தான். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தின் எல்லையான 140/90-ஐ அது தொடவில்லை என்றாலும், முன்பிருந்த அளவிலிருந்து ஏறியிருப்பதையும், இரத்த அழுத்தம் கூடிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் ப்ரீஎக்ளாம்ப்சியா முதல் கர்ப்பத்தில் அதிகம் காணப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், அடுத்த மாதம்வரை காத்திருப்பது நல்லதல்ல. தொடக்கத்தில் இதற்கு எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். இந்த வாரமே செவிலியரைக் கொண்டு இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ப் புரதத்தையும் பரிசோதித்து, அந்த அளவுகளுடன் மருத்துவரை அழைக்கச் செய்யுங்கள். அளக்கும் முன் உங்கள் மனைவி 5 நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மலையேறி வந்த மூச்சிரைப்போடு எடுத்த அளவை நம்பக் கூடாது. வீட்டிற்குக் கருவி வாங்க முடிந்தால், மணிக்கட்டில் கட்டுவதை விடுத்து மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள்.

7ஆம் மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், 9ஆம் மாதத்தில் வாரந்தோறும் பரிசோதனை தேவைப்படும். ஸ்கேனுக்கும், மருத்துவர் நேரில் வரச் சொல்லும் நாள்களிலும் பயணம் செய்தே ஆக வேண்டும். இடைப்பட்ட ஆலோசனைகளை உள்ளூரிலேயே முடித்தால் கூலி இழப்பு பெருமளவு குறையும். தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றின் தெளிவான படங்கள் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். சிக்னல் குறைவாக இருந்தால் குரல் அழைப்பிலாவது பேசுங்கள்.

கடும் தலைவலி, பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், காணொளிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலிப்போ இரத்தப்போக்கோ 160/110 அல்லது அதற்கு மேற்பட்ட அளவோ என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். உங்கள் ஊர்ப்பெயரோடு வண்டி வந்து நிற்கக்கூடிய சாலைமுனையையும் சொல்லுங்கள்.

பிரசவத் தேதிக்கு ஓரிரு வாரம் முன்பே மலையிலிருந்து இறங்கிவிடுவது அவசியம். மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. உங்களுக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதை இந்த வாரம் செவிலியரைப் பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.