சிவப்புப் பெட்டி டிஸ்க் ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மாமா தன் பழைய சினிமா டிஸ்க்குகளை எங்களிடம் கொடுத்தார். சிவப்புப் பெட்டி, மேலே 'ஹெச்டி டிவிடி' என்று போட்டிருக்கிறது. வீட்டு ப்ளூ-ரே பிளேயரில் ஓடவே இல்லை. இரண்டுமே நீல லேசர்தானே? (வாசகர், திருச்சி)

பதில்: லேசர் ஒன்றுதான், இரண்டுக்கும் 405 நானோமீட்டர். ஆனால் ஹெச்டி டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு, பழைய டிவிடி போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர், லென்ஸும் வேறு. உங்கள் பிளேயர் மேலோட்டமாகத் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிடுகிறது, அவ்வளவுதான். ப்ளூ-ரேக்குப் போட்டியாக ஹெச்டி டிவிடியை முன்நின்று கொண்டுவந்தது தொஷிபா; அந்த 0.6-ஆல் அவர்கள் தரப்புக்கு ஒரு லாபம் இருந்தது, இருக்கிற டிவிடி தொழிற்சாலையையே கொஞ்சம் மாற்றி டிஸ்க் அடிக்கலாம். ஆனால் ஓர் அடுக்கில் 15 ஜிபிதான் கொள்ளும், ப்ளூ-ரேயில் 25.

கேள்வி: அப்படியென்றால் மலிவானது ஜெயித்திருக்க வேண்டுமே?

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2006-இல் தொஷிபா பிளேயர் அமெரிக்காவில் 499 டாலர், சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் 999. அடுத்த வருடம் நவம்பரில் வால்மார்ட்டில் தொஷிபா பிளேயர் நூறு டாலருக்கும் கீழே வந்துவிட்டது, ஆனால் என்னைக் கேட்டால் சறுக்கலே அங்கேதான், ஏனென்றால் அந்த விலையில் என்ன லாபம் நிற்கும் என்று மற்ற கம்பெனிகள் யோசிக்காமல் இருக்குமா, கடைசிவரை பிளேயர் செய்வது பெரும்பாலும் தொஷிபா மட்டும்தான் என்ற நிலை. எதிர்ப்பக்கம் பானாசோனிக், பிலிப்ஸ், சாம்சங் என்று ஒரு கூட்டமே இருந்தது. போதாததற்கு சோனி, பிளேஸ்டேஷன் 3-க்குள்ளேயே ப்ளூ-ரேயை வைத்துவிட்டது. கேம் விளையாட வாங்கியவர் வீட்டிலெல்லாம் கேட்காமலே ஒரு ப்ளூ-ரே பிளேயர்! மைக்ரோசாப்டோ எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஹெச்டி டிவிடி டிரைவைத் தனியாக 199 டாலருக்கு விற்றது. யார் தனியாகக் காசு கொடுப்பார்கள்?

ஆனாலும் முடித்து வைத்தது ஸ்டுடியோக்கள்தான். இரண்டு வகையிலும் படம் விட்டுக்கொண்டிருந்த வார்னர் பிரதர்ஸ் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று 2008 ஜனவரி 4 அன்று அறிவித்தது, அதுவும் லாஸ் வேகஸில் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி தொடங்கப்போகிற நேரத்தில். ஹெச்டி டிவிடி அணி அங்கே வைத்திருந்த பத்திரிகையாளர் சந்திப்பையே ரத்து செய்துவிட்டார்கள். பிப்ரவரி 19-இல் தொஷிபா கடையைக் கட்டியது. (அடுத்த வருடமே அவர்களும் ப்ளூ-ரே பிளேயர் விற்க ஆரம்பித்தது தனிக்கதை.)

கேள்வி: சரி, இந்த டிஸ்க்குகளை என்ன செய்வது?

பதில்: அட்டையில் 'காம்போ' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மறுபக்கம் சாதா டிவிடி, ஆனால் அமெரிக்க டிஸ்க் என்பதால் அந்தப் பக்கத்துக்கு ரீஜன் 1 பூட்டு (அமெரிக்கா, கனடா பிளேயர்களில் மட்டும் ஓடும்படி போடும் தடை) இருக்கலாம், எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வேண்டும். ஹெச்டி பக்கத்துக்கு ரீஜன் தொல்லையே கிடையாது. அதைப் பார்க்க நான் சொன்ன அந்த எக்ஸ்பாக்ஸ் டிரைவ் பழசாகக் கிடைத்தால் போதும், யூஎஸ்பி வழியாகக் கணினியில் மாட்டலாம், ஹெச்டி டிவிடி தெரிந்த மென்பொருள் மட்டும் தேட வேண்டியிருக்கும். ஒன்று, வார்னர் வெளியிட்ட ஹெச்டி டிவிடிகள் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போவதாகப் புகார் நிறைய உண்டு, அதனால் மாமா கொடுத்ததில் பெரும்பாலும் வார்னர் படம் என்றால் டிரைவுக்குக் காசு போடாதீர்கள்.