ரேச்சல் கார்சன் டிடிடி என்ற பூச்சிமருந்து பற்றி அப்படி என்னதான் எழுதினார்?

"பூச்சிமருந்து அடித்தால் பூச்சிதானே சாகும், பறவைகள் ஏன் செத்தன?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கடல் உயிரியலாளர் கார்சன் 1962-இல் எழுதிய 'மௌன வசந்தம்' நூலின் மையமே இதுதான்.

அதில் வரும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கதையைப் பாருங்கள். எல்ம் மரங்களுக்கு நோய் பரப்பும் வண்டுகளைக் கொல்ல டிடிடி தெளித்தார்கள். இலையில் படிந்த மருந்து மழையில்கூடப் போகவில்லை. இலை உதிர்ந்தது, மண்புழு தின்றது. எல்லாப் புழுக்களும் சாகவில்லை. பிழைத்தவை விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டன. அடுத்த வசந்தத்தில் வந்த ராபின் பறவைகள் அந்தப் புழுக்களைத் தின்று, நடுங்கி விழுந்து செத்தன. மரத்துக்கு அடித்த மருந்து, ஒரு வருஷம் கழித்துப் பறவையைக் கொன்றது. டிடிடி எளிதில் சிதையாது, கொழுப்பில் தங்கும் என்பதே காரணம்.

சரி, மருந்தே கூடாது என்றாரா? இல்லை. கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான் எதிர்த்தார். இதைப் பலர் இன்னும் தப்பாகவே சொல்கிறார்கள். ரசாயனக் கம்பெனிகள் அவர்மீது பாய்ந்தன. ஆனால் 1963-இல் அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் கவலை நியாயமானது என்றது. நூலை எழுதும்போதே அவருக்கு மார்பகப் புற்றுநோய், 1964-இல் இறந்தார். அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது 1972-இல்தான்.