பைக்ஸ் பீக்கை ஐந்து நிமிடத்தில் ஏற முடியுமா? – கடிதம்

வணக்கம்.

ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு கற்பனை கார் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் ஓடுகிறது. ஓட்டுநரோடு சேர்த்து எடை 700 கிலோ. மின்மோட்டார், 1,750 குதிரைத்திறன். அடிப்பகுதியில் இருக்கும் காற்றை ஒரு விசிறி உறிஞ்சி வெளியேற்றுவதால் கார் நின்றாலும் ஓடினாலும் 1,100 கிலோ அளவுக்குச் சாலையோடு அழுந்தியிருக்கும். ஐந்து நிமிடத்தில் உச்சியைத் தொடுகிறது என்று எழுதினேன். படித்த நண்பர், "இவ்வளவு சக்திக்கு நான்கு நிமிடமே அதிகம்" என்கிறார். இதை எப்படிக் கணக்கிடுவது?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா,

கதைக்காகக் கூட கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அதற்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அடித்தளம். பந்தயத்தின் நீளம் 19.99 கிலோமீட்டர். 156 வளைவுகள். 2,862 மீட்டர் உயரத்தில் தொடங்கி 4,302 மீட்டரில் முடிகிறது. இன்றைய சாதனை 2018 ஜூன் 24 அன்று ரொமேன் டூமா ஃபோக்ஸ்வேகன் ஐடி.ஆர் மின்காரில் எடுத்த 7 நிமிடம் 57.148 வினாடி. சராசரி வேகம் மணிக்கு 151 கிலோமீட்டர். நீங்கள் சொல்லும் ஐந்து நிமிடத்துக்கு அது 240 ஆக வேண்டும்.

மலை ஏறுவதுதான் கஷ்டம் என்று தோன்றும். உங்கள் நண்பரும் அப்படி நினைத்துத்தான் குதிரைத்திறனைப் பிடித்துக்கொண்டார். 700 கிலோவை 1,440 மீட்டர் உயரத்துக்கு ஐந்து நிமிடத்தில் தூக்க எவ்வளவு சக்தி வேண்டும்? சராசரியாக 33 கிலோவாட். அதாவது 45 குதிரைத்திறன். உங்கள் 1,750-இல் மூன்று சதவீதம்கூட இல்லை. மிச்சம் அத்தனையும் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் பாய்வதற்கும் காற்றைக் கிழிப்பதற்கும் போகிறது. வளைவுகளுக்கு இடையே சராசரி இடைவெளி 128 மீட்டர்தான். பாய்ந்த வேகத்தை உடனே பிரேக்கில் கரைத்துவிட வேண்டும்.

2013-இல் செபாஸ்டியன் லோப் ஓட்டிய பெஜோ 208 டி16 காருக்கு 875 குதிரைத்திறன், 875 கிலோ எடை. ஐடி.ஆருக்கு 680 குதிரைத்திறன், ஓட்டுநரோடு சுமார் 1,100 கிலோ. தாளில் பார்த்தால் லோபின் கார் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. ஆனால் அவர் எடுத்தது 8 நிமிடம் 13.878 வினாடி.

இனி கணக்கு. ஒரே பாதையில், ஒரே கோட்டில் ஓடும் காரின் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் முடுக்கம், பிரேக், வளைவில் தாங்கும் பக்கவாட்டு விசை மூன்றும் கூட வேண்டும். மூன்றையும் நான்கு மடங்காக்கினால் நேரம் பாதியாகும், கால்பங்கு ஆகாது. நேரம் வர்க்கமூலத்தில்தான் குறையும். சக்தியோ இன்னும் கொடுமை: நேரத்தைப் பாதியாக்க ஒரு கிலோவுக்கான குதிரைத்திறன் எட்டு மடங்காக வேண்டும்.

ஐடி.ஆரின் 477 வினாடி 300 ஆக, மூன்று விசைகளும் 2.53 மடங்காக வேண்டும், ஒரு கிலோவுக்கான சக்தி நான்கு மடங்காக வேண்டும். உங்கள் காரின் சக்தி அதை மிகச் சரியாகத் தொடுகிறது. விசிறியும் அப்படியே: 700 கிலோ காரை 1,100 கிலோவால் அழுத்தினால் டயர் மேல் விழும் மொத்தச் சுமை 1,800, அதாவது 2.57 மடங்கு. தெரிந்தே இந்த எண்களை வைத்தீர்களா, உள்ளுணர்வா என்று தெரியவில்லை. எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. நண்பரின் நான்கு நிமிடத்துக்கு விசைகள் நான்கு மடங்கு, சக்தி எட்டு மடங்கு வேண்டும். அதை விட்டுவிடலாம்.

ஒரு கொண்டை ஊசி வளைவை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பந்தய டயர் தன் மேல் விழும் சுமையைப் போல ஒன்றரை மடங்கு பக்கவிசையைத் தாங்கும் என்றால், விசிறி இல்லாத கார் அங்கே மணிக்கு 53 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. இந்த வேகத்தில் பின்னாலிருக்கும் பெரிய இறக்கையால் பெரிதாகப் பயனில்லை. அதற்குக் காற்று வேகமாக வந்து மோத வேண்டும். விசிறிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் கார் அதே வளைவை 85-இல் எடுக்கும். கற்பனை கார்களில் பலரும் எஞ்சினைப் பெருக்குவார்கள். நீங்கள் விசிறியில் கைவைத்தது சரியான இடம்.

விசிறி கார் புதிதும் அல்ல. 1978 ஸ்வீடன் கிராண்ட் பிரீயில் நிக்கி லௌடா ஓட்டி வென்ற பிரபாம் பிடி46பி விசிறி வைத்த கார்தான். அந்த ஒரு பந்தயத்தோடு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022-இல் மெக்மர்ட்ரி ஸ்பியர்லிங் என்ற விசிறி கார் இங்கிலாந்தின் குட்வுட் மேட்டுப் பாதையை 39.08 வினாடியில் ஏறியது. 2019-இல் அங்கே ஐடி.ஆர் எடுத்தது 39.90. நின்ற இடத்திலேயே இரண்டாயிரம் கிலோ அழுத்தம் தரும் விசிறி, ஒரு வினாடிகூட மிச்சம் பிடிக்கவில்லை. குட்வுட் குட்டையான பாதை, வளைவும் குறைவு. பைக்ஸ் பீக்கில் வித்தியாசம் நிச்சயம் பெரிதாக இருக்கும். ஆனாலும் என் தாள் கணக்கை நானே கொஞ்சம் இறக்கிக்கொள்ள இது போதுமான காரணம்.

எங்கே இறக்குவது? முதலில் டயரில். சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது, சற்றுக் குறைவாகவே கூடும். 2.57-ஐ 2.3 என்று வைத்துக்கொள்கிறேன்.

பிறகு காற்று. உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மின்மோட்டாருக்கு அது பொருட்டல்ல, விசிறிக்குப் பொருட்டு. அதே சுற்றில் ஓடினால் உறிஞ்சும் விசை அடர்த்தியோடு சேர்ந்து இறங்கும். ஆனால் விசிறியைச் சுமார் கால்பங்கு வேகமாகச் சுழற்றினால் இழந்ததை மீட்டுவிடலாம். உங்கள் பொறியாளர் பாத்திரத்துக்கு இது நல்ல ஒரு வரி.

உண்மையான சிக்கல் மேல்பகுதிச் சாலையில் இருக்கிறது. 2012 முதல் பந்தயம் முழுக்கத் தார்ச்சாலையில்தான் நடக்கிறது. ஆனால் டெவில்ஸ் பிளேகிரவுண்ட் என்ற இடத்துக்கு மேலே நிலம் உறைந்தும் இளகியும் சாலையை அலை அலையாகத் தூக்கிவிட்டிருக்கிறது. விசிறி காரின் உயிர் அதன் ஓரப்பாவாடையில் இருக்கிறது. அடிப்பகுதியைச் சுற்றி வெளிக்காற்று புகாமல் அடைப்பது அதுதான். மேட்டில் ஏறிக் கார் துள்ளினால் பாவாடை தரையை விட்டு எழும்பும், காற்று உள்ளே பாயும், அந்தக் கணத்தில் 1,100 கிலோ காணாமல் போகும். அது வளைவின் நடுவில் நடந்தால், பக்கத்தில் தடுப்பில்லாத சரிவு. அங்கே ஐடி.ஆரின் விசைகளைப் போல 1.5 மடங்குக்கு மேல் எந்த ஓட்டுநரையும் நான் போகச் சொல்ல மாட்டேன்.

ஐடி.ஆரின் நேரத்தில் கடைசி மூன்றிலொரு பங்கு இந்தப் பகுதிக்கு என்று கொண்டு, கீழ்ப்பகுதி நேரத்தை 2.3-இன் வர்க்கமூலத்தாலும் மேல்பகுதி நேரத்தை 1.5-இன் வர்க்கமூலத்தாலும் வகுத்தால், கீழே 210 வினாடி, மேலே 130. மொத்தம் 340. உங்கள் கார் 5 நிமிடம் 40 வினாடியில் ஏறும் என்பது என் மதிப்பீடு. சராசரி மணிக்கு 212 கிலோமீட்டர், ஒவ்வொரு 2.2 வினாடிக்கும் ஒரு வளைவு.

இன்னொன்றைக் கதையில் விட்டுவிடாதீர்கள். பயிற்சி நாட்களில் பாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்துத்தான் ஓட விடுகிறார்கள். அடி முதல் முடி வரை முழுதாக ஓடுவது பந்தய நாளில், அதுவும் ஒரே ஒரு தடவை. 1988-இல் அரி வாட்டனென் இந்த மலையை 10 நிமிடம் 47.22 வினாடியில் ஏறியதைப் படம்பிடித்திருக்கிறார்கள். சாலை அப்போது மண். ஒரு வளைவில் சூரியன் நேரே முகத்தில் அடிக்கிறது. ஒரு கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே போகிறார், வேகத்தைக் குறைக்கவில்லை. உங்கள் ஓட்டுநருக்கு அந்தக் கையை எடுக்க நேரமிருக்காது. ஹெல்மெட்டில் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்புங்கள்.